ஐன்ஸ்டைனும் ஓர் இரத்தக் குழாயும்

நட்சத்திரங்களின் எடையை மதிப்பிட்டுச் சொல்லும் ஆற்றலை மனிதன் பெற்றுவிட்டான். ஆயினும் தன் வயிற்றினுள்ளே இரவும் பகலும் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு குழாய் எந்த நாளில், எந்த நாழிகையில் வெடிக்கும் என்பதை அவன் இன்றும் அறியமாட்டான். காலத்தையும் வெளியையும் புதிதாக அளந்து காட்டிய ஒரு மேதையின் வாழ்வே இந்த உண்மைக்குச் சான்றாக நிற்கிறது. அந்த வாழ்வை இங்கே எடுத்துரைக்க எண்ணியதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதனை முதலிற் கூறிவிடுவதே நேர்மை.

நான் முப்பத்தோராண்டுகள் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியன். ஆளுநர் சேர் ஆதர் ஹவ்லொக்கின் பெயரைத் தாங்கி நிற்கும் ஹெவ்லொக் டவுனில், இசிபதனாராமயவின் பிரித் ஓதல் அதிகாலையிற் காதில் விழும் தூரத்தில் வசிக்கிறேன். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதனால், இரத்தம் கட்டிபடாமல் இருப்பதற்கென வார்பரின் எனும் மாத்திரையை மூன்றாண்டுகளாக உட்கொண்டு வருகிறேன். அண்மையில் வேறொரு காரணத்துக்காக வயிற்றை ஒலியலைக் கருவியாற் சோதித்த வைத்தியர், கருவியை ஓரிடத்தில் நிறுத்தி நெடுநேரம் பார்த்தார். பெருநாடி வயிற்றுப் பகுதியில் வீங்கியிருப்பதாகவும், அதன் குறுக்களவு 5.6 சென்றிமீற்றர் என்பதாகவும் கூறினார். இரண்டு சென்றிமீற்றர் அளவில் இருக்க வேண்டிய குழாய் அது. சத்திரசிகிச்சை செய்துகொள்வதே நன்று என்பது அவர் ஆலோசனை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளவத்தையில் வசிக்கும் என் தமக்கையாரிடம் போய், இதே நோய் கண்ட ஐன்ஸ்டைன் கத்தி வேண்டாம் என்று மறுத்து அமைதியாகக் கண்மூடினார், அவரிலும் நான் அறிவாளியோ என்று வாதாடினேன். அக்கா நெடுங்காலம் தமிழ் கற்பித்தவர். பாட்டின் கடைசி அடியை மாத்திரம் படித்துவிட்டுப் பொருள் சொல்லும் மாணவரை அவர் என்றுமே மன்னித்ததில்லை. அந்த மனிதருடைய வாழ்வை முழுவதும் படி, அவர் மறுத்த காரணம் உன்னுடைய காரணந்தானா என்று பார், பிறகு வந்து என்னோடு பேசு என்று கூறி, தேநீரும் தராமல் என்னை அனுப்பிவிட்டார். இரு வாரங்கள் படித்தேன். படித்ததன் பயனே இக்கட்டுரை.

திசைகாட்டியும் சிறுவனும்

அல்பேட் ஐன்ஸ்டைன் 1879ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி ஜேர்மனியிலுள்ள உல்ம் நகரில், ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தை ஹேர்மன் தம் சகோதரருடன் சேர்ந்து மியூனிக் நகரில் மின்கருவி வணிகம் நடத்தியவர். நான்கைந்து வயதில் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த சிறுவனுக்குத் தந்தை ஒரு திசைகாட்டியைக் கொடுத்தார். எவரும் தொடாமலே ஊசி ஒரே திசையை நாடித் திரும்பும் விந்தை அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பொருள்களுக்குப் பின்னே மறைந்திருக்கிறது என்ற எண்ணம் அன்று முளைத்து, இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

படைவீட்டு ஒழுங்கை ஒத்த பள்ளி முறையை அவர் வெறுத்தார். பதினைந்தாம் வயதில் மியூனிக்கை விட்டு, இத்தாலிக்குக் குடிபெயர்ந்திருந்த பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். 1895இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில், கணிதத்திலும் பௌதிகத்திலும் சிறந்த புள்ளிகள் பெற்றும், ஏனைய பாடங்களில் தவறினார். ஆராவ் நகரில் ஓராண்டு படித்து, மறு ஆண்டு அக்கல்லூரியிற் சேர்ந்தார். 1900இற் பட்டம் பெற்ற பின்னரும் ஆசிரியர் பதவி எதுவும் நிலையாகக் கிட்டவில்லை. 1902இல் பேர்ண் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாந்தரப் பரிசோதகர் வேலை கிடைத்தது. மறு ஆண்டு, உடன் பயின்ற மிலேவா மாரிச் அம்மையாரை மணந்தார்.

அந்த அலுவலக மேசையில் இருந்தவாறே 1905ஆம் ஆண்டு அவர் செய்தவற்றை உலகம் அறியும். ஒளி சிறு சிறு பொதிகளாகச் செல்கிறது என்றார். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாது நடுங்குவதற்கு மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார். நேரமும் தூரமும் பார்ப்பவனின் இயக்கத்தைச் சார்ந்தவை என்றார். திணிவும் சத்தியும் ஒன்றே என நிறுவினார். இவற்றோடு பலரும் மறந்துவிடும் ஐந்தாவது ஆக்கமும் ஒன்று உண்டு. கலாநிதிப் பட்டத்துக்காக எழுதிய அந்த ஆய்வில், ஒரு திரவத்திலே சிறு துகள்கள் கலந்தால் அதன் பாகுத்தன்மை எவ்வளவு கூடும் என்பதை ஆராய்ந்தார். துகள்கள் அருகிக் கிடக்கும் திரவத்துக்கே அந்தச் சூத்திரம் பொருந்தும். செங்கலங்கள் நெருங்கிக் கிடக்கும் இரத்தம் அவ்வளவு எளிதில் அதற்கு அடங்காது. எனினும் ஒழுகும் பொருளைப் பற்றி அன்று அவர் கணக்குப் போட்டார் என்பதையும், ஐம்பதாண்டுகள் கழித்து ஒழுகும் பொருளொன்றே அவருக்கு முடிவாயிற்று என்பதையும் சேர்த்து நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

புகழும் வயிற்று நோவும்

1914இல் பேர்லினுக்குச் சென்றார். மிலேவா அம்மையார் இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு சூரிச்சுக்குத் திரும்பினார். உலகப் போர் மூண்டிருந்த வேளையில், 1915 நொவெம்பரில், ஈர்ப்பு என்பது வெளியின் வளைவே எனும் பொதுச் சார்புக் கொள்கையை நிறைவு செய்தார். ஆனால் அந்த உழைப்பும் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் அவர் உடலை உடைத்தன. 1917இல் வயிற்று நோவும் ஈரல் நோயும் குடற்புண்ணும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவரைப் படுக்கையில் வீழ்த்தின. உறவினரான எல்சா அம்மையார் பத்தியம் பார்த்து உணவளித்துக் காப்பாற்றினார். 1919 ஜூனில் அவரையே ஐன்ஸ்டைன் இரண்டாந்தாரமாக மணந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, மே 29ஆந் திகதி நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஆங்கிலேய வானியலாளர் படம் பிடித்திருந்தனர். நட்சத்திர ஒளி அவர் கூறியவாறே வளைந்தது என்னும் செய்தி நொவெம்பரில் வெளியாகவே, ஒரே நாளில் அவர் பெயர் உலகெங்கும் பரவியது.

நம் நாட்டுக்கும் அண்டை நாட்டுக்கும் அவ்வொளி வந்து சேர நெடுங்காலம் செல்லவில்லை. 1920இலேயே கல்கத்தாவில் சத்தியேந்திரநாத் போசும் மேகநாத் சாகாவும் அவருடைய கட்டுரைகளை ஆங்கிலத்திற் பெயர்த்து நூலாக்கினர். நான்காண்டுகள் சென்றபின் டாக்காவிலிருந்து போஸ் அனுப்பிய சிறு கட்டுரையை ஐன்ஸ்டைன் தம் கையாலேயே ஜேர்மன் மொழியில் ஆக்கி வெளியிடச் செய்தார். முன்பின் அறியாத ஓர் இளைஞரின் கட்டுரைக்கு அவர் செய்த சிறப்பு அது.

1922இல் அவர் யப்பானுக்குக் கப்பலேறினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவருடைய நண்பரும் ஜேர்மனிய வெளிநாட்டமைச்சருமான வால்ற்றர் ராத்தெனாவ் கொல்லப்பட்டிருந்தார். யூதராகிய ஐன்ஸ்டைனின் உயிருக்கும் அச்சம் சூழ்ந்திருந்த காலம் அது. அக்கப்பற் பயணத்தில் அவருக்கு வயிற்றுக் கோளாறு ஏற்பட்டபோது, உடன் பயணம் செய்த மியாக்கே என்னும் யப்பானியச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பரிவோடு கவனித்தார். ஒக்டோபர் 28ஆந் திகதி கப்பல் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. ஐன்ஸ்டைனும் எல்சாவும் கரையிறங்கி றிக்‌ஷாவில் ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். மனிதனை மனிதன் இழுக்கும் அந்த வண்டியில் ஏறியிருந்தது தமக்கு வெட்கமாயிருந்ததென அவர் நாட்குறிப்பில் எழுதினார். அதே நாட்குறிப்பில் இந்த மண்ணின் மக்களைப் பற்றி இழிவான சில மதிப்பீடுகளையும் எழுதி வைத்தார். சில மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு மக்கட் கூட்டத்தின் அறிவை எடைபோடுவது மேதைக்கு அழகன்று. இதனை மறைப்பது மாணவர்க்குச் செய்யும் தீங்காகும். பிற்காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக அவர் துணிந்து குரல் கொடுத்தார் என்பதையும் கூறிவிட்டால் துலாக்கோல் ஓரளவு நேராகும்.

பௌதிகவியலுக்கான 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கெனும் செய்தி, கொழும்பைக் கடந்த சில நாட்களில், அந்தக் கடல் வழியிலேயே அவரை எட்டியது. வகுப்பிலே ஒளிமின் விளைவைக் கற்பித்த ஒவ்வோராண்டும், அந்தப் பரிசு தமக்குரியது என அறியாத ஒரு மனிதர் நமது துறைமுகத்தில் இறங்கி நடந்தார் என்று மாணவருக்குச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். அந்த மனிதரின் வயிற்றுக் குழாயைப் பற்றி ஒருநாளும் நான் சொன்னதில்லை, அறிந்ததுமில்லை.

1928இல் மீண்டும் மயங்கி வீழ்ந்தார். இதயம் பருத்திருப்பதாக வைத்தியர்கள் கண்டு, பல மாதங்கள் உப்பில்லா உணவில் வைத்தார்கள். ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய 1933இல் ஜேர்மனியைத் துறந்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரத்து உயர் ஆய்வு நிலையத்திற் சேர்ந்தார். 1936இல் எல்சாவை இழந்தார். 1939 ஓகஸ்டில், ஜேர்மனியர் அணுகுண்டு செய்யக்கூடும் என எச்சரித்து ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றுக்கு அனுப்பிய கடிதத்திற் கையொப்பமிட்டார். 1945 மார்ச்சில் மீண்டுமொரு கடிதம் எழுதினார். அது ரூஸ்வெல்ற்றின் பார்வைக்கு எட்டு முன்னரே, ஏப்ரல் 12ஆந் திகதி, மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அவர் மாண்டார். பல்லாண்டுகளாக ஏறிக்கொண்டே போன இரத்த அழுத்தம் தந்த முடிவு அது. அக்காலத்தில் அதனை அடக்க வல்ல நல்ல மருந்து இருக்கவில்லை.

வீங்கிய குழாய்

இரத்தக் குழாய் ஏன் தானே வெடிக்கிறது? அடிபடாமலும் வெட்டுப்படாமலும் உடலுள் இரத்தம் பெருகுவதற்குக் காரணங்கள் பல. ரூஸ்வெல்ற்றுக்குப் போல உயர் அழுத்தம் மூளையின் சிறு நாடிகளை அரித்திருக்கலாம். குடற்புண் ஒரு நாடியைத் துளைத்திருக்கலாம். இரத்தத்தை உறையச் செய்யும் பொருளொன்று பிறப்பிலேயே குறைந்திருக்கலாம். அல்லது பெருநாடியின் சுவர் நைந்து வீங்கியிருக்கலாம். இவ்வீக்கம் அறுபத்தைந்தைக் கடந்த ஆடவரிடையே, அவர்களுள்ளும் புகைபிடித்தவரிடையே, மிகுதியாகக் காணப்படுகிறது. ஐன்ஸ்டைனின் வாயிற் சுங்கான் இல்லாத படத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நானும் நாற்பது வயதுவரை புகைத்தவன்.

வீக்கம் ஏன் தானாக வளர்கிறது என்பதற்குப் பௌதிகம் விடை தரும். குழாயினுள் அழுத்தம் மாறாதிருக்க, ஆரை கூடினால் சுவரின் இழுவிசையும் அதே விகிதத்திற் கூடும். ஆகவே குழாய் விரிய விரியச் சுவர் மேலும் இழுபடும். இழுபட இழுபட மேலும் விரியும். ஊதற்பந்தை ஊதும் குழந்தையும் இறுதியிற் கண்டறியும் விதி அது. இதனை லாப்லாஸ் பெயரால் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சுண்ணக்கட்டியால் எழுதிய சூத்திரம் என் தொப்புளுக்குப் பின்னே துடித்துக்கொண்டிருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

ஐன்ஸ்டைனுக்கு ஆண்டுக்குச் சில முறை கடுமையான வயிற்று வலி வந்து போகும். 1948 டிசெம்பரில் புரூக்ளின் யூத வைத்தியசாலையில் அவர் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டார். வயிற்றைத் திறந்தவர் ருடோல்ஃப் நிஸன். அவரும் 1933இல் ஜேர்மனியை விட்டு வெளியேறி, இஸ்தான்புல் வழியாக அமெரிக்கா சேர்ந்த யூத வைத்தியர். உள்ளே பெருநாடி ஒரு பெரிய தோடம்பழமளவு வீங்கியிருக்கக் கண்டார். வீங்கிய பகுதியை அகற்றி வேறு குழாய் பொருத்தும் முறை அன்று இருக்கவில்லை. ஆகவே செலோபேன் எனும் கண்ணாடித் தாளை அந்த வீக்கத்தின்மேற் சுற்றினார். அந்த அந்நியப் பொருளை வெறுத்து உடல் தன் நார்த்திசுக்களைச் சுற்றிலும் வளர்க்க, அவை இறுகிச் சுவருக்கு வலுவூட்டும் என்பது எண்ணம். பலகாரப் பெட்டிக்குச் சுற்றும் தாள் அது. அதனை வயிற்றில் வைத்துக்கொண்டு அவர் மேலும் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

அந்த ஆறாண்டுகள் வீணான ஆண்டுகளல்ல. 1949 நொவெம்பரில் பிரதமர் நேரு, தம் மகள் இந்திராவுடன் பிரின்ஸ்டன் வந்து அவரைக் கண்டார். நோயுற்றிருந்த தங்கை மாயாவுக்கு 1951இல் அவர் மறையும்வரை இரவுதோறும் நூல்கள் படித்துக் காட்டினார். 1952இல் இஸ்ரேலின் ஜனாதிபதிப் பதவி தேடி வந்தபோது பணிவோடு மறுத்தார். ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே விதிக்குள் அடக்கும் கணக்கை விடாது போட்டுக்கொண்டிருந்தார். அது கைகூடவில்லை. வீக்கம் வளர்ந்துவருகிறது, என்றோ வெடிக்கலாம் என்று வைத்தியர் அறிவித்தபோது, வெடிப்பதானால் வெடிக்கட்டும் என்ற பாங்கிலேயே அவர் அதனை ஏற்றுக்கொண்டார். 1950இல் மரணசாசனம் எழுதி முடித்தார்.

ஐந்து நாட்கள்

1955 ஏப்ரல் 11ஆந் திகதி, அணுவாயுதப் போருக்கெதிராக பேட்ரண்ட் ரசல் வரைந்த அறிக்கைக்கு ஒப்புதற் கையொப்பம் இட்டனுப்பினார். மறுநாள் வலி தொடங்கியது. 13ஆந் திகதி வீட்டிலேயே வீழ்ந்தார். வீக்கத்திலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. 15ஆந் திகதி பிரின்ஸ்டன் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். நியூயோர்க்கிலிருந்து வந்த சத்திரசிகிச்சை நிபுணர் பிராங்க் கிளென், துணிந்து அறுத்துப் பார்க்கலாம் என்றார். பெருநாடியின் வீங்கிய பகுதியை நீக்கி, இறந்தவர் உடலிலிருந்து எடுத்த நாடியைப் பொருத்தும் சிகிச்சையை நான்காண்டுகளுக்கு முன்னர்தான் பாரிஸில் டியூபோஸ்ட் என்பவர் வெற்றியாகச் செய்திருந்தார். வெடித்த பின்னர், எழுபத்தாறு வயது முதியவருக்கு அதனைச் செய்து பிழைக்கவைப்பது அன்று மிக அரிது. ஐன்ஸ்டைன் மறுத்தார். செயற்கையாக ஆயுளை நீட்டுவது சுவையற்ற செயலென்றும், தம் பங்கைத் தாம் செய்துவிட்டதாகவும், போகும் வேளை வந்துவிட்டதாகவும் அவர் அமைதியோடு கூறினார்.

மூக்குக்கண்ணாடியும் கணக்குத் தாள்களும், இஸ்ரேலின் சுதந்திர நாளுக்கென எழுதத் தொடங்கிய உரையும் வேண்டுமெனக் கேட்டு வாங்கினார். கலிபோர்னியாவிலிருந்து மகன் ஹான்ஸ் அல்பேட் பறந்து வந்து சேர்ந்தார். ஏப்ரல் 18ஆந் திகதி அதிகாலை ஒன்றேகால் மணியளவில், ஜேர்மன் மொழியில் ஏதோ முணுமுணுத்துவிட்டு உயிர் நீத்தார். அருகிலிருந்த தாதிக்கு அம்மொழி தெரியாது. அன்றே உடல் தகனம் செய்யப்பட்டது. சாம்பல் பிறர் அறியாத இடத்திற் கரைக்கப்பட்டது. பரிசோதனை செய்த வைத்தியர் ஹார்வி, மூளையைத் தாம் எடுத்து வைத்துக்கொண்ட கதை தனியானதும் மனத்துக்கு உவப்பற்றதும் ஆகும். உலகம் மூளையையே பேசியது. அவரைக் கொன்ற குழாயைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஒன்பதாண்டுகள் கழிந்து, 1964 மே 27ஆந் திகதி, நேருவும் வயிற்றுப் பெருநாடி வெடித்தே காலமானார். ரூஸ்வெல்ற், ஐன்ஸ்டைன், நேரு ஆகிய மூவரும் தம்முட் கடிதம் எழுதியும் நேரிற் கண்டும் தொடர்புற்றவர்கள். மூவரையும் உள்ளே பெருகிய இரத்தமே கொண்டுபோயிற்று.

என் கேள்வி

அப்படியானால், ஐந்து நாட்கள் அவர் உயிரோடிருந்தது எங்ஙனம்? இதனை என் வைத்தியரிடமே கேட்டேன். பெருநாடி முதுகுப்புறமாகக் கசிந்தால், சூழ்ந்துள்ள தசைகள் நெருக்க, கசிந்த இரத்தமே உறைந்து ஓட்டைக்குத் தற்காலிக அடைப்பாகும் என்றார். அந்த அடைப்பே சில மணி நேரத்தையோ சில நாட்களையோ தரும். அதைக் கேட்டதும் என் சட்டைப் பையிலிருந்த மாத்திரையின் நினைவு வந்தது.

வார்பரினின் கதை விந்தையானது. 1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த ஒருவகை இனிப்புத் தீவனத்தைத் தின்ற மாடுகள் உள்ளே இரத்தம் பெருகிச் செத்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் போல் லிங்க் என்பவரின் குழுவினர், அந்த நஞ்சை 1939இற் பிரித்தெடுத்தார்கள். அதன் வழித்தோன்றலே வார்பரின். 1948இல் அது எலிப்பாஷாணமாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக அங்கீகாரம் பெற்றது. ஐன்ஸ்டைன் மறைந்த அதே 1955இல், மாரடைப்புற்ற ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் கொடுக்கப்பட்டது. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து என ஊரார் சொல்வது பிழை. இரத்தத்தின் பாகுத்தன்மை குறைவதில்லை. விற்றமின் கேயை உடல் மீண்டும் பயன்படுத்தாதவாறு தடுத்து, உறைவுக்கு வேண்டிய சில பொருள்களை ஈரல் சரிவரச் செய்யவிடாமல் வைக்கிறது, அவ்வளவே. அதனால் என் இதயத்திற் கட்டி உண்டாகி மூளைக்குச் செல்லும் ஆபத்துக் குறைகிறது. அளவு மிஞ்சினாலோ, புண்ணோ நைந்த நாடியோ ஏற்கெனவே இருந்தாலோ, தொடங்கிய ஒழுக்கு நிற்காமற் போகும். இதற்காகவே மாதந்தோறும் இரத்தம் எடுத்து உறையும் நேரத்தை அளக்கிறார்கள்.

ஐன்ஸ்டைன் இம்மருந்தை உட்கொண்டவரல்லர். அவருடைய இரத்தம் உறைந்து அவருக்கு ஐந்து நாட்களைக் கொடுத்தது. என் இரத்தம் எனக்கு அதனைக் கொடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. மருந்தை நானாக நிறுத்தினாலோ, பக்கவாதம் வாயிலில் நிற்கிறது. ஆகவே அவரைப் போல அமைதியாகப் படுத்து, கணக்குத் தாள் கேட்டு வாங்கி, பிள்ளைகள் வந்து சேர்ந்தபின் கண்மூடுவேன் என்று நான் தீட்டிய ஓவியம் என் நிலைக்குப் பொருந்தாத ஓவியம்.

அதனிலும் பெரிய பிழையொன்றை அக்கா சொல்லாமற் சொல்லியிருந்தார். நான் 1955ஆம் ஆண்டின் ஐன்ஸ்டைனைச் சாட்சிக்கு அழைத்தேன். குழாய் வெடித்த பின்னர், பிழைக்கும் வழி மிக அரிதாயிருந்த காலத்தில், எழுபத்தாறாம் வயதில் மறுத்தவர் அவர். என் குழாய் இன்னும் வெடிக்கவில்லை. என் நிலை 1948ஆம் ஆண்டின் ஐன்ஸ்டைனுடைய நிலை. அந்த ஆண்டில், கண்ணாடித் தாளிலும் மேலான கருவி எதுவும் இல்லாத காலத்தில், அவர் என்ன செய்தார்? கத்திக்கு உடன்பட்டார். அதனால் ஆறாண்டுகள் பெற்றார். தங்கைக்கு நூல் படித்தார். அணுப் போருக்கெதிராகக் கையொப்பமிட்டார். என் சாட்சி எனக்கெதிராகவே சாட்சி சொல்லிவிட்டார்.

இன்றோ செயற்கை இழைக் குழாயைப் பொருத்தும் சிகிச்சை வழக்கமாகிவிட்டது. தொடை இடுக்கிலுள்ள நாடி வழியாகவே குழாயை உள்ளே செலுத்தி வைக்கும் முறையும் 1990கள் முதல் பரவியிருக்கிறது. ஆடவருக்கு வீக்கம் 5.5 சென்றிமீற்றரை எட்டினால், வெடிக்கும் ஆபத்து சிகிச்சையின் ஆபத்தை மிஞ்சத் தொடங்குகிறது என்பது வைத்தியர்கள் கைக்கொள்ளும் கணக்கு. சிகிச்சையிலும் ஆபத்து உண்டு, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் நான் அஞ்சியது அந்த ஆபத்தையன்று. பிறர் கையில் என்னை ஒப்படைப்பதையே அஞ்சினேன். அந்த அச்சத்துக்கு ஒரு மேதையின் மேலங்கியை இரவல் வாங்கிப் போர்த்தினேன்.

நேற்று மாலை ஹெவ்லொக் வீதியிலிருந்து வெள்ளவத்தைக்கு நடந்தே சென்றேன். படித்ததையெல்லாம் அக்காவிடம் ஒழுங்காக ஒப்புவித்தேன். இடையில் ஒருமுறையேனும் அவர் குறுக்கிடவில்லை. முடிந்ததும், வார்பரினை எத்தனை நாள் முன்னதாக நிறுத்தச் சொன்னார்கள் என்று மாத்திரம் கேட்டார். ஐந்து நாள் என்றேன். நாட்காட்டியை எடுத்து, வைத்தியசாலைக்குச் செல்லும் திகதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதிலிருந்து ஐந்து நாட்களைப் பின்னோக்கி எண்ணி இன்னொரு வட்டமும் இட்டார். பிறகு எழுந்து தேநீர் வைத்தார்.